பென் டிரைவ் திண்ணையும் வாட்ச்மேன் நோட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)

தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு, பாக்கி வசூல் எல்லாம் பேசி முடித்துக் களைத்துப் போயிருக்கிறீர்கள். காபி வருவதற்குள் இருபது நிமிடம் பேசச் சொல்லிச் செயலாளர் என்னை நிறுத்தியிருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்பதால் வந்த வினை இது.

போன மூன்று மாதத்தில் நம் குடியிருப்பில் ஒரே மாதிரி இரண்டு சம்பவம் நடந்தது. இரண்டிலும் ஃபைல் பத்திரமாக இருந்தது. இரண்டிலும் ‘எல்லாம் போச்சு’ என்று முடிவுகட்டி விட்டார்கள். ஒன்றில் உண்மையாகவே போயிருக்கும், ஒரு பட்டனை அழுத்தியிருந்தால். அதைத்தான் சொல்லப் போகிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.

முதல் சம்பவம் இரண்டாவது மாடி மதினி வீட்டில். அவர் மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போய்விட்டாள், லேப்டாப் பரணுக்குப் போய்விட்டது. இப்போது எடுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. மதர்போர்டு போய்விட்டது. கவலை லேப்டாப்பைப் பற்றி இல்லை. அவர் கணவர் இறப்பதற்கு முன்னால் எடுத்த படங்கள் அதில்தான் இருக்கின்றன. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு எல்லோருமாகப் போனபோது எடுத்தது, மகளின் பள்ளி ஆண்டு விழா, இப்படி. வேறு எங்கேயும் நகல் கிடையாது.

ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. கேஸில் போட்டு, கடையில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கிறார்கள். திரையில் ஒரு பெட்டி வந்திருக்கிறது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? கடைப் பையன் சொன்னது: “டிஸ்க் கரப்ட் ஆயிருச்சும்மா. ஃபார்மட் போட்டுட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர்ல எடுக்கணும். சில ஆயிரம் ஆகும், வந்தாத்தான் உறுதி.” நல்லவேளை, மதினி யோசித்துச் சொல்கிறேன் என்று டிஸ்க்கை வாங்கி வந்துவிட்டார். மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் கேட்டார்: “ஏன் தம்பி, படமெல்லாம் போயிருச்சா?”

போகவில்லை. டிஸ்க்கில் கோளாறும் இல்லை. அந்த அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. லேப்டாப்பைப் போட்டதும் விண்டோஸா பாஸா என்று கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸுக்குப் போய்விடுவார்கள். மதினியின் மகள், விண்டோஸில் வைரஸ் வந்த பிறகு பாஸிலேயே இருந்துகொண்டாள். படங்களும் அந்தப் பக்கம்தான்.

லினக்ஸ் தன் டிஸ்க்கை ‘எக்ஸ்ட்3’, ‘எக்ஸ்ட்4’ என்ற அமைப்பில் பிரித்து வைக்கும். விண்டோஸுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாததை வெற்றுத் தாள் என்று நினைத்துக்கொண்டு, கோடு போட்டுத் தரட்டுமா என்று கேட்கிறது. தமிழ்ப் பத்திரம் படிக்கத் தெரியாத ஒருவர், ‘இது கிறுக்கல், அழித்துவிடவா?’ என்று கேட்பது மாதிரி. வேறு கம்ப்யூட்டரிலிருந்து வந்த டிஸ்க்கைச் சொருகியதும் ஃபார்மட் கேட்டால் ‘கேன்சல்’ அழுத்துங்கள். இன்றைக்கு நான் பேசியதில் இது ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தால்கூடப் போதும்.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. உபுண்டு லினக்ஸை இலவசமாக இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே என் லேப்டாப்பைத் தொடங்கினேன். ‘இன்ஸ்டால்’ என்று கேட்கும், ‘டிரை’ என்றும் கேட்கும். ‘டிரை’ கொடுத்தால் லேப்டாப்பில் இருக்கிற எதையும் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும். மதினியின் டிஸ்க்கைச் சொருகினேன். எல்லா ஃபோல்டரும் வரிசையாக வந்து நின்றது. மகளின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் படங்கள் ஃபோல்டர். மதினி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். படங்கள் ஃபோல்டரைத் திறந்தால், அனுமதி இல்லை என்று வந்து நிற்கிறது. ஃபோல்டர் மேலே ஒரு பூட்டுப் படம் வேறு.

இந்த ‘அனுமதி இல்லை’ எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அபார்ட்மென்ட்டில் இருக்கிற நமக்கு இது சட்டென்று புரியும், தனி வீட்டுக்காரர்களுக்குத்தான் கஷ்டம்.

யூனிக்ஸ் என்ற இயங்குதளம் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்கியது. அப்போது ஒரு கம்ப்யூட்டரைப் பல பேர் பகிர்ந்துகொண்டார்கள். அதனால் யாருடைய ஃபைலை யார் திறக்கலாம் என்ற கணக்கு ஆரம்பத்திலேயே தேவைப்பட்டது. அது பிறவியிலேயே அபார்ட்மென்ட். லினக்ஸும் இன்றைய மேக்கும் அந்த வழியில் வந்தவை. 1981-ல் வந்த எம்.எஸ். டாஸ் தனி வீடு. ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், வாட்ச்மேன் எதற்கு? விண்டோஸ் 95, 98 வரைக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அப்படித்தான் இருந்தன. 1993-ல் விண்டோஸ் என்.டி. வந்தபோதுதான் என்.டி.எஃப்.எஸ். என்ற புது டிஸ்க் அமைப்போடு அனுமதிக் கணக்கும் வந்தது. 2001-ல் எக்ஸ்.பி. வழியாக அது நம் வீட்டுக்குள் நுழைந்தது.

இப்போது நம் வாட்ச்மேனின் நோட்டை நினைத்துப் பாருங்கள். அதில் யார் பெயரும் இல்லை. ‘204-க்கு கூரியர்’, ‘101 கார்’ என்று வீட்டு எண்தான் இருக்கும். லினக்ஸும் அப்படியே. ஒவ்வொரு ஃபைலிலும் உரிமையாளர் யார் என்பதைப் பெயராக எழுதுவதில்லை, எண்ணாக எழுதுகிறது. உபுண்டு, டெபியன், பாஸ் இவற்றிலெல்லாம் முதலில் கணக்குத் தொடங்குகிறவருக்கு 1000 என்ற எண். மேக்கில் முதல் ஆளுக்கு 501. நிர்வாகிக்கு, அதாவது ‘ரூட்’டுக்கு, எல்லா இடத்திலும் 0.

அந்த நோட்டைக் கிழித்து வேறு அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அங்கேயும் 101 இருக்கும், ஆனால் ஆள் வேறு. அவர் வந்து கூரியரை வாங்கிக்கொண்டு போவார். இல்லை, அங்கே 204 என்ற வீடே கிடையாது என்றால் கூரியர் கேட்டிலேயே கிடக்கும். ஒரு லினக்ஸ் டிஸ்க்கை இன்னொரு லினக்ஸில் சொருகினால் இந்த இரண்டில் ஒன்று நடக்கும். உங்கள் 1000-மும் என் 1000-மும் ஒன்றாக அமைந்துவிட்டால் உங்கள் ஃபைல் எனக்குத் தானாகத் திறக்கும். எண் வேறாக இருந்தால் உங்கள் ஃபைலே உங்களுக்குத் திறக்காது. இதில் நியாயம் அநியாயம் ஒன்றும் இல்லை, எண் பொருந்துகிறதா என்பது மட்டும்தான்.

எண்ணுக்கு அடுத்து, என்ன செய்யலாம் என்ற கணக்கு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளர், அவர் குழு, மற்றவர் என்று மூன்று பேருக்கு மூன்று இலக்கம். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும். 700 என்றால் உரிமையாளரைத் தவிர யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஃபோல்டருக்கு வரும்போது ‘இயக்க’ என்பதற்கு ‘உள்ளே நுழைய’ என்று பொருள். அந்த 1 இல்லாத ஃபோல்டரில் ஃபைல் பெயர்கள் தெரியும், உள்ளே போக முடியாது. கண்ணாடிக் கதவு மாதிரி. இணையத்தில் தேடினால் பாதிப் பேர் ‘777 போடு, சரியாகிவிடும்’ என்பார்கள். 777 என்றால் எல்லோருக்கும் எல்லாம். கதவைக் கழற்றி வைப்பதும் ஒருவகையில் பூட்டுத் திறக்காத பிரச்சினைக்குத் தீர்வுதான். நான் அதைச் செய்ய மாட்டேன். ஒரு ஃபைலுக்குச் செய்தால்கூடத் தப்பிக்கலாம். ‘உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும்’ என்று சேர்த்துப் போட்டுவிட்டால், சிஸ்டம் ஃபைல்களும் அதில் மாட்டிக்கொண்டால், கம்ப்யூட்டரே எழுந்திருக்காமல் போகலாம்.

மதினி வீட்டுக்கு வருவோம். அந்தப் படங்கள் ஃபோல்டரின் உரிமையாளர் எண்ணைப் பார்த்தேன். 1000 இல்லை, 0. அதாவது ரூட். அனுமதி 700. என்ன நடந்திருக்கும் என்று மகளுக்கு ஃபோன் போட்டுக் கேட்டோம். “அப்பா ஃபோன் மெமரி கார்டுல இருந்து காப்பி ஆகலை அண்ணா, ரூட்ல போய்ப் பண்ணு, ஆயிரும்னு ஃப்ரெண்டு சொன்னா” என்றாள். ஆகத்தான் செய்தது. ஆனால் ரூட்டாக நின்று செய்கிற எதுவும் ரூட்டின் சொத்தாகத்தான் பிறக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் செய்த அந்த அவசரம் இன்றைக்கு அம்மாவின் முன்னால் பூட்டாக வந்து நிற்கிறது.

நானும் அதே தப்பைச் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிர்வாகி அதிகாரத்தில் எல்லாவற்றையும் என் லினக்ஸ் டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். முடிந்தது என்று சந்தோஷமாகத் திறந்தால் நகலும் ரூட்டின் பெயரில். என் டிஸ்க்கில் இருக்கிறது, என்னால் திறக்க முடியவில்லை. பிறகு உரிமையாளரை மாற்றும் கட்டளையை, ‘சி.எச்.ஓன்’ என்பார்கள், அந்த நகல் ஃபோல்டருக்கு மட்டும் கொடுத்தேன். மதினியின் டிஸ்க்கில் இருக்கிற மூலத்தைத் தொடவில்லை. இந்த மாதிரி வேலையில் மூலத்தில் கை வைக்காமல், நகல் எடுத்து நகலில் பரீட்சை செய்வதுதான் என் வழக்கம். படங்கள் திறந்தன. முதலில் வந்ததே ஆடித்தபசுப் படம். கொஞ்ச நேரம் நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

அதை மதினியின் மகள் பார்க்கிற மாதிரி ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும் அல்லவா, அங்கே மூன்று தடங்கல் வந்தது. மூன்றும் அனுமதிப் பிரச்சினை மாதிரியே தெரியும், ஒன்றும் அனுமதிப் பிரச்சினை இல்லை.

பென் டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தொடக்கூடாது. உறவினர் கல்யாண வீடியோ ஒன்று அதைவிடப் பெரிது, ஏற மாட்டேன் என்றது. டிரைவில் இடம் தாராளமாக இருக்கும்போதே இப்படி மறுத்தால் ஆள் குழம்பிப் போவார். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றினேன். காலி பென் டிரைவ்தான், அதனால் ஃபார்மட் போட்டேன். அடுத்து, சில படங்களின் பெயரில் நேரம் இருந்தது, 10:32 என்று நடுவில் இரண்டு புள்ளியோடு. லினக்ஸ் அதை அனுமதிக்கும். விண்டோஸும் எக்ஸ்ஃபேட்டும் அனுமதிக்காது. கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோளும் அப்படித்தான். பெயரில் அந்தப் புள்ளிகளைக் கோடாக மாற்றியதும் ஏறிவிட்டது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ‘சங்கரன்கோவில்’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள், ஒரே இடத்தில். ஒரே பெயரில் இரண்டு இருக்கக் கூடாதே? ஒன்று மகளே உண்டாக்கியது. இன்னொன்று, மேக் வைத்திருந்த உறவுக்காரப் பையன் கொடுத்த ஜிப்பிலிருந்து வந்தது. நம் ‘கோ’ இருக்கிறதே, அதை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வகை. முன்னால் வரும் இரட்டைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடாகப் பிரித்து எழுதுவது இன்னொரு வகை. பழைய மேக் டிஸ்க் அமைப்பு பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஊர். இது ‘கொ’, ‘கௌ’ எல்லாவற்றுக்கும் வரும். தமிழில் பெயர் வைத்த ஃபைலை ஒருவர் அனுப்பி, உங்கள் கம்ப்யூட்டர் ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று சொன்னால், பெயரை அழித்து நீங்களே ஒரு முறை தட்டச்சு செய்து பாருங்கள்.

எக்ஸ்ஃபேட், ஃபேட்32 இரண்டிலும் உரிமையாளர் எண்ணை எழுதி வைக்க இடமே கிடையாது. அது திண்ணை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அதனால்தான் வேறு வேறு கம்ப்யூட்டருக்கு நடுவில் ஃபைல் கொண்டுபோக எக்ஸ்ஃபேட் பென் டிரைவ் வசதி. விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும். 2019-ல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களை வெளியிட்ட பிறகு லினக்ஸுக்குள்ளேயே அந்த வசதி வந்துவிட்டது. செங்கோட்டையைத் தாண்டிவிட்டால் கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான். அந்தப் பக்கம் பிள்ளைகள் படிக்கிற உறவு இருப்பவர்களுக்கு இது உதவும். அனுமதி விவரத்தோடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும் என்றால் திண்ணை ஆகாது, ‘டார்’ என்ற மூட்டையாகக் கட்டி அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது.

இரண்டாவது சம்பவம் நம் சங்கத்தினுடையது. பொருளாளர் அண்ணாச்சி முறைத்துப் பார்க்கிறார், பரவாயில்லை. சங்கத்தின் பழைய கணக்குகள் எல்லாம் அவருடைய பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருந்தன. புதுசு வாங்கி, பழைய டிஸ்க்கை இணைத்தார். இரண்டு பக்கமும் விண்டோஸ், ஒரே ஆள், பெயர்கூட அதே பெயர். ஆனால் ‘இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. “என் கணக்க நான் பாக்க எவன்யா அனுமதி குடுக்கணும்?” என்று சத்தம் போட்டது கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது.

விண்டோஸ் வீட்டு எண் மாதிரி சின்ன எண் வைப்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் நீளமான எண் ஒன்று தரும். எஸ்-1-5-21 என்று தொடங்கி நீண்டுகொண்டே போகும். ஒரு கம்ப்யூட்டரில் உண்டாகிற எண் இன்னொன்றில் வராது. அண்ணாச்சி என்று இரண்டு கம்ப்யூட்டரிலும் பெயர் இருந்தாலும் உள்ளே இரண்டு வேறு ஆள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது நாம் எல்லோரும் வீடு மாறாமலேயே மாவட்டம் மாறினோம், பழைய காகிதத்தில் இன்னும் திருநெல்வேலிதான். அதுபோல வைத்துக்கொள்ளுங்கள்: ஆள் அதேதான், பதிவேடு வேறு.

இதற்கு வழி அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. ‘கன்டினியூ’ என்று ஒரு பட்டன். நிர்வாகிக் கணக்கில் இருந்தால் அதை அழுத்தினால் போதும், புதுக் கணக்கின் எண்ணையும் பட்டியலில் சேர்த்துவிடும். ஃபைல் நிறைய இருந்தால் பச்சைக் கோடு மெதுவாக நகரும். நடுவில் பிடுங்காதீர்கள், பாதி சேர்ந்து பாதி சேராமல் நின்றுவிடும். அப்படியும் திறக்கவில்லை என்றால் ஃபோல்டர் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. அங்கே ‘ஓனர்’ என்பதற்குப் பக்கத்தில் ‘சேஞ்ச்’ இருக்கும். உங்கள் கணக்கைக் கொடுத்து, உள்ளே உள்ளவற்றுக்கும் உரிமையாளரை மாற்று என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். இதை உங்கள் சொந்த ஃபைல் இருக்கிற ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸின் சி டிரைவில் ‘விண்டோஸ்’, ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டர்களில் விளையாட வேண்டாம்.

அண்ணாச்சிக்குக் கணக்கு கிடைத்தது. கிடைத்த பிறகு அடுத்த வம்பு. சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் ‘பொது’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறோம், செயலாளர் கணக்கு, பொருளாளர் கணக்கு இரண்டிலிருந்தும் திறக்கிற மாதிரி. அண்ணாச்சி வரவு செலவு ஃபைலைத் தன் ஃபோல்டரிலிருந்து ‘கட்’ செய்து பொதுவில் ‘பேஸ்ட்’ செய்தார். செயலாளருக்குத் திறக்கவில்லை. அதே நாளில் ‘காப்பி’ செய்து போட்ட இன்னொரு ஃபைல் திறந்தது. கணக்கை மறைக்கிறார் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதும் அளவுக்குப் போனது உங்களுக்கே தெரியும்.

நடந்தது இதுதான். விண்டோஸில் ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபைலை நகர்த்தினால் பழைய அனுமதிப் பட்டியல் அதோடேயே கூட வரும். பூட்டோடு பீரோவைத் தூக்கி ஹாலில் வைத்த மாதிரி. காப்பி செய்தால் புது ஃபைல் பிறக்கிறது, அது பிறந்த ஃபோல்டரின் அனுமதியை வாங்கிக்கொள்ளும். ஆகவே பொது ஃபோல்டருக்குப் போடும்போது காப்பி செய்யுங்கள், சரியாகத் திறக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் பழையதை அழியுங்கள். அண்ணாச்சி மறைக்கவில்லை என்பதை இந்தக் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும் என்றுதான் இன்றைக்கு மைக் பிடித்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சின்னச் சின்னக் காரணங்களும் இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் பெரிய வைத்தியத்துக்குப் போகக் கூடாது. மெமரி கார்டு அடாப்டரின் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும், ‘லாக்’ பக்கம் நகர்ந்திருந்தால் எதையும் எழுத முடியாது. கேமரா கார்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்த ஒருவருக்கு நான் செய்த வைத்தியம், நகத்தால் அதைத் தள்ளியது மட்டுமே. மேக் வைத்திருக்கிறவர்களுக்கு: என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. அனுமதிக் குறைவு இல்லை, அதற்கு எழுதத் தெரியாது. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு: லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியவில்லை என்றால், பெரும்பாலும் விண்டோஸ் முழுசாக அணையவில்லை. வேகமாக எழுந்திருப்பதற்காகப் பாதி தூக்கத்தில் இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணையும். எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கிய டிஸ்க்கையும் லினக்ஸ் இதே மாதிரி சந்தேகப்படும். விண்டோஸில் சொருகி ஒரு முறை எர்ரர் செக் செய்து, முறையாக எஜெக்ட் செய்தால் சரியாகிவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, கூட்டத்தில் வயதானவர்கள் நிறையப் பேர் இருப்பதால் சொல்கிறேன். மதினியின் டிஸ்க்கை எந்தப் பாஸ்வேர்டும் இல்லாமல் நான் திறந்தேன். அண்ணாச்சியின் பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் பாஸ்வேர்டு இருந்தது, அதையும் யாரும் கேட்கவில்லை. அனுமதி என்பது வாட்ச்மேன், பூட்டு இல்லை. அந்த வாட்ச்மேன் அந்தக் கம்ப்யூட்டர் ஓடும்போதுதான் வேலையில் இருப்பார். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் அங்கே நான்தான் நிர்வாகி, நான் வைத்ததுதான் சட்டம். ஆகவே ‘என் லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது, கடையில் கொடுத்தால் யாரும் பார்க்க முடியாது’ என்று நினைத்திருந்தால், அது சரியில்லை. ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், பத்திர ஸ்கேன் எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறோம்.

உண்மையான பூட்டு வேண்டும் என்றால் என்கிரிப்ஷன். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். புது விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனதுமே இது தானாக ஏறிவிடுகிறது, நமக்குத் தெரிவதே இல்லை. அது பூட்டியதை உரிமையாளரை மாற்றியோ, லினக்ஸ் பென் டிரைவ் போட்டோ திறக்க முடியாது. 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். வீட்டில் ஒருவர் போய்விட்டால், அவர் மின்னஞ்சல் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாவிட்டால், மதினிக்குச் செய்ததை என்னால் செய்ய முடியாது. யாராலும் முடியாது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கிற இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்து வைக்காதீர்கள், அது வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது.

(பேச்சுக்குப் பின் கேட்ட இரண்டு கேள்விகள்.)

முதல் மாடியிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: “பழைய லேப்டாப்ப எக்ஸ்சேஞ்சுல குடுக்கப் போறோம் தம்பி. எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டோம், போதும்லா?”

போதாதும்மா. டெலீட் என்பது நோட்டில் பெயரை அடிப்பது மட்டும்தான், பொருள் உள்ளேயே இருக்கும், எடுத்துவிடலாம். விண்டோஸ் 10, 11 என்றால் ‘ரீசெட் திஸ் பி.சி.’க்குள் எல்லாவற்றையும் நீக்கு என்பதைக் கொடுத்து, டிரைவைச் சுத்தம் செய் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள், சார்ஜர் சொருகியிருக்கட்டும். லேப்டாப் உயிரே இல்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

பொருளாளர் கேட்டார்: “அப்ப நம்ம சங்கத்துக் கணக்க எதுல வைக்கணும்ங்கிய?”

மூன்று இடத்தில், அண்ணாச்சி. அலுவலகக் கம்ப்யூட்டரில் பொது ஃபோல்டரில் ஒன்று. எக்ஸ்ஃபேட் அமைப்பில் ஒரு வெளி டிஸ்க்கில் ஒன்று, அது செயலாளர் வீட்டில். சங்கத்தின் பெயரில் இருக்கிற மின்னஞ்சல் கணக்கின் கிளவுடில் ஒன்று, தனி ஆள் கணக்கில் வேண்டாம். வருஷ முடிவில் தணிக்கையான கணக்கை பி.டி.எஃப். ஆக்கி, பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் வைத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் குழம்பாது. வெளி டிஸ்க் வாங்குவதற்கு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டியிருக்கும். அதுவரைக்கும் என்னிடம் ஒரு டிஸ்க் இருக்கிறது, யு.எஸ்.பி. கேஸும் இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கொண்டுவாருங்கள், காபி வந்துவிட்டது.